ஒரே பானைச் சோறு

எங்க அம்மாவ தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாரும் குண்டம்மான்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க தங்கச்சி, எங்க சின்னம்மா, ஈர்க்குச்சி. ரெண்டு பேரும் ஒரே மலையில கொழுந்து எடுத்து, ஒரே பானைச் சோறு தின்னவங்க. "இது மட்டும் எங்கடி ஒளிச்சு வச்சுத் திங்குது?"ன்னு பொம்பளைங்க கேலி பண்ணுவாங்க. அம்மாவும் கூடச் சிரிப்பாங்க. எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும்.

ரெண்டாயிரமாம் வருஷம் பொறந்த பிறகு, நான் ஹட்டன் டவுன் பள்ளிக்கூடத்துல ஏ.எல். பரீட்சைக்குப் படிச்ச வருஷம், லயத்துல காய்ச்சல் பரவுச்சு. வீட்டுக்கு வீடு இருமல். அம்மாவும் சின்னம்மாவும் ஒரே நாள்ல படுத்தாங்க. மூணாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போன தோட்டத்து லொறியில இன்னும் ஒருத்தருக்குத்தான் எடம். தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சரி ஐயா துண்டுச் சீட்டு எழுதினாதான் ஏத்துவாங்க. அவரு ரெண்டு பேரையும் ஒரு பார்வ பாத்தாரு.

"மெலிஞ்சவ தாங்க மாட்டா, அவள ஏத்து. இவளுக்கென்ன, ஒடம்புல சத்து கெடக்கு."

அவரு மேல மட்டும் பழி போட்டா அது பொய். நானும் அப்படித்தான் நெனச்சேன். என் கையாலயே சின்னம்மாவ ஏத்தி விட்டேன். முந்தின வாரந்தான் உயிரியல் பாடத்துல பரம்பரையலகு, அதான் ஜீன், மாறல்னு பக்கம் பக்கமா எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன். எல்லாம் பட்டாணிச் செடிக்கு. பெத்த தாய்க்கும் அது பொருந்தும்னு இந்த மண்டையில ஏறல.

மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு எளைச்சுது. ஒரு சொல்லு பேச ரெண்டு தடவ மூச்சு வாங்கினாங்க. ஒதடு நீலமாச்சு. அப்பதான் அம்மாவோட அப்பா ஞாபகம் வந்துச்சு. அவரும் பருத்த ஆளு, இப்படி ஒரு காய்ச்சல்ல நாலே நாள்ல போயிட்டாரு. பேய் அடிச்சுதுன்னு சொல்லி முடிச்சிட்டாங்க. பேயாவது, மண்ணாவது! அதே ஒடம்புவாகுதான் அம்மாவுக்கும்.

கொழுந்து லொறி ஃபாக்டரிக்கு எறங்குற நேரம். ரோட்டு நடுவுல போய்க் குந்திட்டேன்.

"துண்டு இருக்கா?"ன்னாரு டிரைவர்.

"துண்டு இல்லண்ணே, அம்மா சாகக் கெடக்காங்க. ஏத்தாம நான் எந்திரிக்க மாட்டேன்."

"பொண்ணா இது, பிசாசு!"ன்னு திட்டிக்கிட்டே எறங்கி வந்தாரு. நாலு பேராத் தூக்கிக் கொழுந்துச் சாக்கு மேல சாச்சோம்.

ஆஸ்பத்திரியில ஒடனே ஒக்சிசன் வச்சாங்க. டொக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க: ஒரே சோத்த ஒரு ஒடம்பு சேத்து வைக்குமாம், இன்னொண்ணு கரைச்சிருமாம். அதுல பாதி பொறப்புலயே வர்றது. கிருமியும் அப்படித்தானாம், ஒருத்தர இருமலோட விட்டுரும், ஒருத்தர் நெஞ்ச அடைச்சிரும். பருத்த ஒடம்புன்னா இன்னும் கஷ்டமாம். பக்கத்துக் கட்டில்ல சின்னம்மா எந்திரிச்சு உக்காந்து டீ கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

அஞ்சாம் நாள் அம்மாவுக்குக் கஞ்சி குடுத்தாங்க. அம்மா வார்டச் சுத்திப் பாத்துட்டுக் கோப்பைய ஓரமா வச்சாங்க.

"பெறகு குடிக்கிறேன். எல்லாரும் பாக்குறாங்க."

எனக்கு அப்பதான் ஒறச்சுது. பொறந்ததுலருந்து அம்மா வயிறாரச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல. அடுப்பப் பாத்துத் திரும்பி உக்காந்து, அர வயித்தோட எந்திரிச்சிருக்காங்க.

"இப்பவே குடிங்கம்மா. எவ சிரிக்கிறான்னு நான் பாக்குறேன்"னேன், வார்டுக்கே கேக்குற மாதிரி.

அம்மா கோப்பைய ரெண்டு கையாலயும் எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாங்க. பெறகு மெதுவா, "இன்னும் கொஞ்சம் இருக்கா?"ன்னு கேட்டாங்க.