பரீட்சைக்குப் போகும் நெஞ்சு

சட்டையைக் கழற்றச் சொல்வதற்கு முன்பே சௌகத் அலி கழற்றிவிடுகிறார். பனியனை மடித்துத் தலையணைக்கு அடியில் செருகுகிறார். கட்டிலில் ஏறி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, "இப்டிப் படுத்தாத்தான் நல்லா கேக்கும்" என்கிறார்.

"பாய், அதச் சொல்லாதீங்க. பாதி ஆன்சர் அதுலயே போயிடும்" என்கிறான் நிகில். மேற்படிப்பில் இருக்கும் இளம் மருத்துவன். படிப்பை முடிப்பவர்களின் இறுதித் தேர்வுக்கு நோயாளிகளைத் திரட்டுவது அவன் பொறுப்பு.

எழுதும் பரீட்சைக்குத் தாளில் கேள்வி வரும். இந்தப் பரீட்சைக்கு மனிதர் வருவார். சௌகத் அலி அப்படி வரும் ஒரு கேள்வி. சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவருடைய இதயத்தில் ஒரு வால்வைக் குறுக்கிவிட்டது. ரத்தம் அந்த இடுக்கு வழியில் போகும்போது உள்ளே ஓர் உறுமல். அதைக் கேட்டு, இன்னதென்று சொல்லும் மருத்துவர் நிபுணர் ஆவார். வருடா வருடம் தேர்வுக் காலத்தில் அவருக்குப் போன் வரும். சாப்பாடு, போக வரச் செலவு எல்லாம் தந்துவிடுவார்கள். அவர் அதற்காகப் போவதில்லை.

"நம்ம சவுண்டு எல்லாருக்கும் கேக்காது சார். அதுக்குன்னு ஒரு காது வோணும்" என்பார்.

ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வைப்பவர்கள் தேறிவிடுவார்கள் என்பது அவர் கணிப்பு. யார் தேறினார்கள், யார் தேறவில்லை என்று இதுவரை ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ரிமோட் விற்கிறார். டிவியின் பெயரைச் சொன்னால் யோசிக்காமல் குவியலில் கையை விட்டு ஒன்றை எடுத்து நீட்டுவார். பாதி நேரம் அது வேலை செய்யாது. "அட, அடுத்த வாரம் கொண்டாப்பா. நா எங்க ஓடிடப் போறேன்?" பலூன் வைத்து வால்வை விரித்துவிடலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லிவிட்டார்கள். "சவுண்டு போய்ட்டா என்னை யாரு கூப்புடுவா?" என்று கேட்டார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று அவர்களுக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்ததா என்று தெரியாது.

அந்தக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க அவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் ஓர் ஊசி போட வேண்டும். செம்பாக்கம் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையில் அதைப் போட்டுக்கொண்டிருந்தவர் டாக்டர் ஜெயஸ்ரீ. அங்கே வாசலில் ஒரு பலகை. பொது மருத்துவ நிபுணர் என்ற வரிக்கு எதிரே பெயர் இல்லை. சௌகத் அலிக்குத் தெரிந்து எப்போதும் இருந்ததில்லை. மூச்சு முட்டும் நாட்களில், "இங்க பாக்க ஆள் இல்ல பாய்" என்று நகரத்துக்கு அனுப்புவார்கள். மூச்சு முட்டுகிறவர் ரயில் படியேறிப் போவார்.

ஒருநாள் ஊசி போட்டுவிட்டு ஜெயஸ்ரீ சொன்னாள்: "பாய், எனக்கு எம்.டி. சீட் கெடச்சிருக்கு. மூணு வருஷம். கவர்மென்ட்டே சம்பளம் குடுத்துப் படிக்க வைக்குது. முடிச்சிட்டு கவர்மென்ட்லயே வேலை செய்வேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். இங்கயே திரும்பக் கேட்டு வாங்கிக்கலாம்னு பாக்கறேன்."

அன்றிலிருந்து சந்தையில் அவருக்கு அதே பேச்சுதான். "சர்க்காரு காசு போட்டு நம்ம டாக்டரம்மாவைப் பெரிய டாக்டர் ஆக்குது. நேரா நம்மாண்டதான் வரும்."

பக்கத்தில் பழைய மின்விசிறி விற்கும் சவுரிமுத்து விடமாட்டார். "எங்கனா தூரமா போட்டு அனுப்பிடுவாங்க பாய். டாக்டர் இன்னா உன் ரிமோட்டா, அமுக்குனா வர்றதுக்கு?"

"உன் ஃபேன் மட்டும் சுத்துதாக்கும்!"

மூன்று வருடம் ஓடியது. இந்த வருடத் தேர்வு ஒரு வியாழக்கிழமை. காலையில் நிகில் போன வருடத்துக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். "அதே ஹிஸ்டரிதான பாய்? புதுசா ஒண்ணுமில்லையே?"

"அதேதான் தம்பி."

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. போன மாதம் இரண்டு தடவை இருமலில் ரத்தம் வந்திருந்தது. வாஷ்பேசினில் தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டார். மனைவி ஹஃபீசாவிடம்கூடச் சொல்லவில்லை. கூப்பிட்டுத் திருத்தலாம் என்று பார்த்தால் நிகில் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான். குறிப்பு, பரீட்சை வைக்கும் தேர்வாளர்களிடம் போய்விட்டது.

தேர்வுக்காகத் திரையை விலக்கிக்கொண்டு வந்தது ஜெயஸ்ரீ.

அவர் எழுந்து உட்கார்ந்தார். "டாக்டரம்..."

அவள் கண் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது. "உங்க பேர் என்ன?" என்று கேட்டாள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வருடம் ஊசி போட்ட கை. பிறகு, இங்கே தெரியாதவர் போலத்தான் நடந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது என்று தோன்றியது. பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். காய்ச்சல், முட்டி வீக்கம், படியேறினால் வாங்கும் மூச்சு, எல்லாவற்றையும் வழக்கமான வரிசையில் சொன்னார்.

"இருமினா ரத்தம் வருதா?"

உள்ளே போன குறிப்பில் ரத்தம் இல்லை. இங்கே உண்டு என்றால் இவள் எழுதுவது தப்பாகிவிடும். தப்பானால் மார்க் போகும். மார்க் போனால் செம்பாக்கத்துக்கு யார் வருவார்?

"இல்ல."

ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டாள். மற்றவர்கள் அங்கே இவ்வளவு நேரம் கேட்டதில்லை. "பாய்" என்றாள், குரலைத் தணித்துக்கொண்டு. "நெஜமா இல்லையா?"

"சத்தியமா இல்ல டாக்டரம்மா. நீங்க தைரியமா எழுதுங்க."

தேர்வாளர்கள் இருவர் வந்தார்கள். அவள் இங்கிலீஷில் ஒப்பித்தாள். சௌகத் அலி தலையாட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் அவள் நிறுத்தினாள். பிறகு தமிழில் சொன்னாள்: "சார், இவரை எனக்கு முன்னாடியே தெரியும். நான்தான் இவருக்கு ஊசி போட்டுட்டிருந்தேன். ரத்தம் வரலைன்னு சொல்றார். நான் நம்பலை. இவரை இன்னிக்கு வீட்டுக்கு விடக் கூடாது."

பெரியவரான தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்ச பேஷண்ட்டா? அத ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும்மா." பிறகு கட்டில் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ரத்தம் வந்துதா?"

சௌகத் அலி அவள் முகத்தைப் பார்த்தார். எந்தப் பதில் அவளுக்கு நல்லது என்று அதில் தேடினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சார்."

தேர்வாளர் ஏதோ எழுதினார். மத்தியானம் நிகில் ஓடிவந்தான். "பாய், எக்கோ ஸ்கேன் எடுக்காமப் போகக் கூடாதுன்னு ஜெயஸ்ரீ மேடம் சொல்லிட்டுப் போனாங்க."

"பழைய சவுண்டுதாம்பா. ஒண்ணுமில்ல." சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிலிலேயே இருந்தது.

வீட்டில் ஹஃபீசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "அவங்களுக்கோசரம்தான் இல்லன்னேன். அவங்களே என்னைப் பொய்யன்னு சொல்லிக்கினு நிக்கிறாங்க. நா இன்னா பண்ணியிருக்கணும்?"

"ரத்தமா? எந்த ரத்தம்?" என்றாள் ஹஃபீசா.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டப் போனார்.

"டாக்டரம்மா மார்க்கு கெடக்கட்டும். இத்தினி நாளா எங்கிட்டயும் பரீட்சையா நடத்துனீங்க?"

"உண்மையச் சொல்லியிருந்தா பாஸ் ஆயிருப்பாங்களா, பெயில் ஆயிருப்பாங்களா, அதச் சொல்லு நீ."

அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் வெள்ளிக்கிழமை. சந்தையில் ஹஃபீசா கடை போட்டாள். சவுரிமுத்து தார்ப்பாய் கட்டிக் கொடுத்தார். சௌகத் அலி பேருந்து ஏறிச் செம்பாக்கம் மருத்துவமனைக்குப் போனார். சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தார். ஜெயஸ்ரீ இருந்த அறையில் ஒரு புது டாக்டர், சின்ன வயது. என்ன செய்கிறது என்று கேட்டார். இருமினால் ரத்தம் வருகிறது என்றார் சௌகத் அலி. எப்போதிலிருந்து என்று கேட்டார் டாக்டர். போன மாதத்திலிருந்து. டாக்டர் சீட்டில் எழுத ஆரம்பித்தார்.

"சார், இது பரீட்சை வெக்கிறவங்க கைக்குப் போவுமா?"

"எந்தப் பரீட்சை?"

டாக்டர் எழுதிய வரியின் மேல் சௌகத் அலி உள்ளங்கையை வைத்தார். டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சௌகத் அலி கையை எடுக்கவில்லை.