பதினாறாம் தேதி அருவி

நடந்ததை வரிசைப்படுத்தினால் இவ்வளவுதான்.

1. ஏழாம் வகுப்பு படிக்கும்போது நானும் என் தோழியும் குற்றாலம் போகத் திட்டமிட்டோம்.
2. ஆகஸ்ட் பதினைந்து, பதினாறு இரண்டு நாளும் விடுமுறை என்பதால் அந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தோம்.
3. மாமா சிரித்தார்.
4. நாங்கள் போகவில்லை.

மூன்றாவதை மட்டும் விளக்க வேண்டும். மாமா தென்காசியில் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்த்தார். அம்மா எங்கள் இருவரையும் ரயிலில் அழைத்துப்போவது, மாமா அருவிக்குக் கூட்டிப்போவது என்பது ஏற்பாடு. பாண்டிச்சேரியில் சுதந்திர தினத்துக்கு மறுநாளும் விடுமுறை. எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள் அது. எங்கள் பகுதியான நெல்லித்தோப்பை விட்டு அந்தத் தேதியில் வேறெங்கும் இருந்திராத நாங்கள், நாடு முழுவதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். மாமாவுக்கு அன்று வேலைநாள் என்பது அம்மாவுக்கும் தோன்றவில்லை.

தோழி சொல்தா வீட்டுப் பெண், அதாவது பிரெஞ்சுப் பட்டாளக்காரர் குடும்பம். அவள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணனும் பிரான்சுக்குப் போய் அதிலேயே சேர்ந்திருந்தான். எங்கள் தெருவில் மொட்டைமாடித் தொட்டியும் மோட்டாரும் இருந்தது அவர்கள் வீட்டில்தான். பிரான்சிலிருந்து வந்த ஜாம் பாட்டிலைக் கழுவி, அதில் தலைக்குத் தேய்க்க நல்லெண்ணெய் ஊற்றி ஜூன் மாதமே தயாராக வைத்திருந்தாள். அருவியில் யார் பாறையோரம் நிற்பது, சடையை அவிழ்ப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் நான் தீர்மானித்தேன். அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். தண்ணீர் ஆளைத் தள்ளிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கைய மட்டும் உட்றாதடி," என்பாள்.

ஜூலையில் தம்பிக்குக் காது குத்த மாமா வந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கத் தொடங்கியவர் வெகுநேரம் நிறுத்தவில்லை.

"உங்க ஊருக்குத்தான் சுதந்திரம் ரெண்டு நாளு. மத்தவங்களுக்கு ஒரே நாள்ல முடிஞ்சிடுது. பதினாறு எனக்கு ஆபீஸ் உண்டுக்கா. பதினஞ்சும் கொடியேத்திட்டு வர மதியம் ஆயிடும்."

அவர் இல்லாமல் அந்தக் கூட்டத்தில் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாது என்று அம்மா சொல்லிவிட்டாள். விசேஷத்துக்கு வந்திருந்த தோழி மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும் மாமா. குளிச்சிட்டு உடனே கெளம்பிடுவோம்."

"இம்மாந் தூரம் வந்து ஒரு மணி நேரமா? அடுத்த வருஷம் சாரல் சீசனுக்கு வாங்க கண்ணு. ஒரு வாரம் இருந்து குளிக்கலாம்."

ஒரு வாரம் என்பது இரண்டு நாளைவிடப் பெரியது. எனக்குக் கணக்கு நன்றாக வரும். அன்று மாலையே அடுத்த ஆண்டுக்கான ஏற்பாடுகளை அவளிடம் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் பாட்டில் மூடியைத் திருகித் திறந்தாள், மூடினாள்.

ஆகஸ்ட் பதினாறு காலையில் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். இருவர் தலையிலும் அந்த எண்ணெயைத் தேய்த்துவிட்டு மோட்டாரைப் போட்டாள். தொட்டி நிரம்பி, வழியும் குழாயிலிருந்து பின்கட்டில் துவைக்கிற கல்லின் மேல் தண்ணீர் கொட்டியது. அதன் கீழே நின்றோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல யாரும் அடிச்சிக்கிட்டுப் போவ மாட்டாங்கடி," என்று நான் சிரித்தேன்.

"போனா?" என்றாள். கையை விடவில்லை.

தொட்டி ஒரு நிமிடம் வழிந்தாலும் கரண்டு வீணாகிறது என்று கத்துகிறவர் அவள் அம்மா. அன்று அடுப்பங்கரை வாசலில் கன்னத்தில் கை வைத்தபடி நின்றார். எங்களுக்கு உதடு வெளுத்த பிறகுதான் மோட்டாரை நிறுத்தினார். முதலில் மகளுக்கும் பிறகு எனக்கும் தலை துவட்டினார். காய்ந்த பிறகும் என் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். விடுமுறை நாளில் பெரியவர்களுக்கும் மனம் இளகிவிடும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு அவள் வரவில்லை. வீட்டில் பூட்டுத் தொங்கியது. குடும்பத்தோடு பிரான்சுக்குப் போக அனுமதி ஜூலைக்கு முன்பே வந்துவிட்டதாம். விமானம் ஏறும்வரை பயணத்தை வெளியில் சொன்னால் கண்பட்டுவிடும் என்பது சொல்தா வீடுகளின் வழக்கம். அவள் வாயையும் கட்டியிருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து எத்தனையோ பேர் போயிருந்தார்கள்தான். ஆனால் போகிறவர்கள் எல்லாரும் அண்ணன்கள் என்றே நான் நினைத்திருந்தேன்.

நான் டிப்ளமோ முடித்து இப்போது வேலையில் இருக்கிறேன். மாமாவுக்குத் தென்காசியிலிருந்து மாற்றலாகிவிட்டது. தோழியின் வீட்டை விற்றுவிட்டார்கள், தொட்டி அங்கேயே இருக்கிறது. அவள் பிரான்சில் எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியாது. குற்றாலத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.