கட்டை போடுகிறவரின் கணுக்கால்

மடங்குகிற கால் வலிக்கும். வலிக்காத கால் மடங்காது. எந்தக் கால் வேண்டும்? திருவண்ணாமலை மலையடியில் உள்ள அடி அண்ணாமலை கிராமத்துத் தசரதனின் வாழ்க்கை மூன்று வருடம் இந்தக் கேள்வியைச் சுற்றியே நொண்டிக்கொண்டிருந்தது.

தசரதன் வேர்க்கடலை பயிரிடுகிறவர். வருடத்தில் ஒரு நாள் மட்டும் வேறு ஆள். கார்த்திகைத் திருவிழாவில் பெரிய தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் அவரும் ஒருவர். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டைதான். உருண்டு வருகிற சக்கரத்தின் எதிரே குந்தி, கட்டையைச் செருகி, அதே மூச்சில் எழுந்து விலக வேண்டும். அவரைவிடச் சுறுசுறுப்பானவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் கல்யாணமான வருடம்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

1978இல் அவர் காலை நசுக்கியது தேர் அல்ல. கீழ்பென்னாத்தூருக்கு மூட்டை ஏற்றிப் போன அவருடைய சொந்த மாட்டுவண்டிதான் கணுக்கால் மேல் ஏறி இறங்கியது. தேரை நிறுத்துகிற மனிதருக்கு ஒரு வண்டியை நிறுத்தத் தெரியவில்லையே என்று மனைவியின் தம்பி இருசப்பன் டீக்கடை டீக்கடையாகச் சொல்லி வந்தான். எலும்பு கூடிவிட்டது, மூட்டு சரியாகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கார்த்திகைதோறும் கட்டை போட்டார். பிறகு தை பிறக்கும்வரை விந்தி விந்தி நடந்தார். அதற்குப் பிறகும் ராத்திரி வலி விடவில்லை.

1981இல் வேலூர் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். மூட்டு தேய்ந்துவிட்டது, எலும்புகளைச் சேர்த்து ஒட்டிவிட்டால் வலி போகும், ஆனால் கணுக்கால் அசையாது என்றார். அப்புறம் கட்டை போட எப்படிக் குந்துவது என்று கேட்டார் தசரதன். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு, ஆபரேஷனுக்குப் பிறகு கால் இப்படித்தான் இருக்கும், கொஞ்ச நாள் இதோடு வாழ்ந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

கட்டுக்குள் வலி அடங்கியது. தசரதன் நன்றாகத் தூங்கினார், கடைவீதிக்கு நடந்தார். தைரியம் வந்து, களத்தில் இருசப்பனை வண்டி தள்ளச் சொல்லி, கட்டையோடு எதிரே குந்தப் பார்த்தார். மாவுக்கட்டுக் கால் நீட்டிக்கொண்டு நின்றது. ஆள் மல்லாந்து விழுந்தார். கட்டை மட்டும் சக்கரத்துக்கு அடியில் சரியாகப் போய் உட்கார்ந்தது.

"கட்டைக்கு வேலை தெரிஞ்சிருக்கு மாமா. நீங்கதான் ஜாஸ்தி" என்றான் இருசப்பன்.

மாவுக்கட்டைப் பிரித்ததும் வலி திரும்பி வந்தது. மனைவி பச்சையம்மாள் பொறுமை இழந்தாள்.

"ஒரு நாளு குந்துறதுக்காவ வருசம் பூரா நோவணுமா?"

"நோவுறது என் காலு."

"முழிச்சிக்கினு கெடக்குறது நானு."

கடைசியில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்தக் கார்த்திகைக்குக் கடைசியாக ஒரு தடவை கட்டை போட்டுவிட்டு, பிறகு ஆபரேஷன். தசரதனும் தலையாட்டினார். டாக்டரும் சரி என்றார். பச்சையம்மாள் தேருக்கென்று புது வேட்டிகூட வாங்கி வைத்தாள்.

ஐப்பசி முடிவதற்குள் ஒரு காலையில் தசரதன் துணிப்பையோடு ரோட்டில் போய் நின்றார். பச்சையம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இன்னாங்க, தேரு முடிஞ்சி போறதாத்தான பேச்சு? இன்னும் கொஞ்ச நாளுதான கீது?"

"வேலூர் பஸ் வருது. ஏறு."

அந்த வருடம் தேர் ஓடிய அன்று அவர் வேலூரில் கட்டிலில் கிடந்தார். அதன் பின் வலியில்லாமல், கொஞ்சம் விறைப்பாக, நெடுநாள் நடந்தார். அந்தக் கடைசித் தடவையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களிடம், இந்த வருடம் மழை கம்மி என்று பேச்சை மாற்றினார்.