பெயர் மாற்றாத பலகை

தெருவில் அவளை எல்லோரும் ஒயரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைப்பையைத் திறந்தால் சீப்புக்கு முன்னால் ஒயர்தான் வெளியே எட்டிப் பார்க்கும். தீப்பெட்டி அளவு மின்பலகைகள் விற்கிற கடையில் அவளுக்கு வேலை. அந்தப் பலகையில் நாலு வரி நிரலை ஏற்றி, வீட்டு இணையத்தோடு கோத்துவிட்டால் போதும். மொட்டைமாடித் தொட்டி நிறைந்துவிட்டதென்று கைபேசிக்குச் சேதி சொல்லும், கோழிக்கூண்டு விளக்கைத் தானே போடும். அவள் ஈயம் வைத்தால் பாம்புக்குக்கூடக் கால் ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்வீட்டுத் தையல்காரி சொல்லித் திரிந்தாள். தன் மிஷினில் ஒயரக்கா ஒரு பலகை மாட்டியதிலிருந்து, எந்த வாடிக்கையாளர் அடுத்த மாதம் பருக்கப் போகிறார் என்பதுவரை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறதாம். பாதிப் பேர் நம்பினார்கள்.

கடைக்கு வருகிறவர்களிடம் ஒயரக்கா ஒரே பாட்டைத்தான் பாடுவாள். "பலகையோட வர்ற மாதிரி நிரல அப்படியே ஏத்தாதீங்க. அதுல இருக்கிற பேர மாத்துங்க."

"மாத்தலன்னா என்னம்மா?"

"உங்க பலகையும் உங்க போனும் பேசிக்க நடுவுல இணையத்துல ஒரு பொது இடம் இருக்கு. யார் வேணா வரலாம், காசு கிடையாது. ஒரு பேரச் சொல்லிச் சேதி போட்டா, அந்தப் பேருல காத்திருக்கிற எல்லாருக்கும் அது போகும். மாதிரியில இருக்கிற பேர எத்தன ஆயிரம் பேரு அப்படியே விட்டிருப்பான்? உங்க வீட்டு ஃபேன முன்னப்பின்ன தெரியாத எவனோ சுத்தவிடுவான். பரவாயில்லையா?"

சிரித்துக்கொண்டே போவார்கள். அவளும் சிரிப்பாள்.

அவளுடைய அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை விட்டு இறங்கிய கொஞ்ச காலத்தில் நினைவும் அவரை விட்டு ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கியது. மகள் பெயர் போயிற்று, சாப்பிட்டது போயிற்று. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்பது மட்டும் போகவில்லை. ஒருநாள் நடுச்சாலையில் நின்று, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டிருந்தார். ஒரு லாரி அவர் சட்டைப் பொத்தானுக்கு முன்னால் வந்து நின்றது. லாரிக்காரன் இறங்கித் திட்ட வாயெடுத்தவன், அவர் கையாட்டி வழிவிட்ட தோரணையைப் பார்த்து, "போய்ட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டானாம்.

அன்று சாயங்காலமே ஒயரக்கா வாசற்கதவுக்கு மின்பூட்டு போட்டாள். சாதாரணப் பூட்டு உதவாது. எந்தச் சாவியைக் கண்டாலும் வண்டிச் சாவி என்று அப்பா எடுத்து ஒளித்துவிடுவார். இதில் சாவியே இல்லை. அவள் கடையிலிருந்து கைபேசியில் ஒன்று என்று அனுப்பினால் திறக்கும், பூஜ்யம் அனுப்பினால் பூட்டும். நடுவில் தையல்காரி டீ கொண்டுபோவதற்குத் திறந்துவிட்டு, அவள் வெளியே வந்ததும் பூட்டிவிடலாம். அவசர அவசரமாக மாதிரி நிரலை எடுத்து ஏற்றினாள். பூட்டு வேலை செய்தது. பெயரை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஊருக்கெல்லாம் சொன்னவள் தன் வீட்டுக் கதவில் மறந்துபோனாள்.

சில வாரங்கள் ஒரு வம்பும் இல்லை. பிறகு ஒரு காலையில் தையல்காரி கூப்பிட்டாள்.

"ஏன்டி, கதவத் தொறந்துவிட்டியா? பெரியவரு வாசப்படியில நிக்கிறாரு."

"நான் தொறக்கலையே அக்கா."

"அப்ப பேயா தொறந்துச்சு? நல்லாப் பூட்டு போட்ட போ. இதுக்கு நான் ரெண்டு கொக்கி தெச்சுக் குடுத்திருப்பேன்."

மறுபடியும் அதே போல நடந்தது. அப்பாவைக் கேட்டாள். "அவன்தான் தொறந்தான்" என்றார்.

"எவன்ப்பா?"

"முகம் தெரியல. பாவம், ரொம்ப அவசரத்துல இருக்கான்."

நோயின் பேச்சு என்று தள்ளிவிட்டாள்.

அடுத்த தடவை தையல்காரி கூப்பிட்டபோது குரலில் கேலி இல்லை. "தெருமுனை வரைக்கும் போய்ட்டாருடி. இழுத்துட்டு வந்து உள்ள விட்டிருக்கேன். பூட்டு. எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு."

ஒயரக்காவுக்கு இந்தத் தடவை சந்தேகம் தட்டியது. கடைக் கணினியில், போகிற வருகிற சேதிகளைக் காட்டும் மென்பொருளைத் திறந்துவிட்டுப் பூஜ்யம் அனுப்பினாள். அவளுடைய பூஜ்யம் திரையில் விழுந்தது. அதன் கீழே ஒரு ஒன்று விழுந்தது.

அவள் அனுப்பாத ஒன்று.

மாற்றாமல் விட்ட பெயர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுபடி பூஜ்யம் அனுப்பினாள். வந்தது ஒன்று. பூஜ்யம். ஒன்று. எவனோ, எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அவள் அப்பாவின் கதவைத் திறந்துகொண்டே இருந்தான். பெயரை மாற்ற வேண்டுமென்றால் கதவிலிருக்கும் பலகையில் கேபிளைச் செருக வேண்டும். அதற்கு வீட்டுக்குப் போக வேண்டும். தையல்காரியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிஷின் சத்தத்தில் அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

"அண்ணே, ஸ்கூட்டர எடுங்க! அப்பா..." என்று கத்தினாள். கடைக்காரர் சாவியைத் தேடினார்.

அந்த இடைவெளியில் அவள் விரல் நின்றிருந்தது. திரையும் நின்றிருந்தது. அவள் அனுப்பாதபோது அங்கிருந்தும் எதுவும் வரவில்லை.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. அவன் கதவைத் திறக்கவில்லை. அவனுக்குக் கதவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவனும் பெயரை மாற்றாத இன்னொருவன். அவள் பூஜ்யம் அனுப்பும்போதெல்லாம் அவனிடத்தில் ஏதோ ஒன்று அணைகிறது. அவன் அலறியடித்து அதை மறுபடி போடுகிறான். அவன் அந்தப் பெயரில் வந்து சேர்ந்த நாளிலிருந்து அவள் கதவைப் பூட்டிய ஒவ்வொரு முறையும் அது அணைந்திருக்கிறது.

என்னது அது? விளக்கா? மோட்டாரா? ஒரு ஆள் மூச்சுவிடுவதற்காக ஓடுகிற ஏதாவதா? மனம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. இந்தப் பக்கம் திறந்த கதவு, அதற்கு அப்பால் சாலை.

"சாவி கெடச்சிருச்சு, வா வா" என்றார் கடைக்காரர்.

தெரிந்துதான் அனுப்பினாள். பூஜ்யம்.

திரையைப் பார்த்தபடி நின்றாள். ஒன்று வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றாள். வரவில்லை.

"இன்னும் என்ன பாக்குற?"

"ஒன்னுமில்லண்ணே. பூட்டிருச்சு."

வீட்டில் கதவு இறுகப் பூட்டியிருந்தது. பக்கத்தில் போனதும் கைபேசியை எடுத்து ஒன்று அனுப்பினாள். கதவும் திறக்கும், அங்கேயும் ஏதோ உயிர் பெறும் என்று ஒரு ஆசை. கதவு திறந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் தப்புத்தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவர் காலடியில் உட்கார்ந்து பொத்தான்களைச் சரிசெய்தாள். பிறகு கேபிளைச் செருகிப் பெயரை மாற்றினாள். யாரும் யோசித்துக்கூடப் பார்க்க முடியாத நீளப் பெயர். கதவு அவளுடையதாயிற்று.

மறுநாள் கடையில் பழைய பெயரிலேயே திரையைத் திறந்து வைத்திருந்தாள். புதிதாக எதுவும் விழவில்லை. இன்னொரு முறை ஒன்று அனுப்பலாமா என்று விரல் போகும், திரும்பும். போட வேண்டியதை அங்கே வேறு யாராவது போட்டிருக்கலாம். இல்லை, இப்போது அணைந்தே இருக்க வேண்டியதாக அது மாறியிருக்கலாம். எதுவென்று கேட்க முகவரியும் இல்லை, முகமும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு பெயர்.

கடைக்காரர் டீயை அவள் பக்கம் நகர்த்தினார். "இதப் போய் மனசுல வச்சிக்கிட்டு. எவனாவது படிக்கிற பையன் விளக்கு போட்டு விளையாடியிருப்பான். போர் அடிச்சு விட்டிருப்பான்."

"இருக்கும்ண்ணே."

"அப்புறம் என்ன?"

"விளையாட்டுன்னா நான் அணைக்க அணைக்க அத்தன வேகமா திருப்பிப் போட்டிருப்பானா?"

பலகை வாங்க ஒருவர் வந்து நின்றார். கடைக்காரர் எழுந்து அந்தப் பக்கம் போனார். ஒயரக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.