யாரும் தூக்காத பத்து நாள்

ரெபேக்காள் சிஸ்டரிடம் "முடியாது" என்று சொல்லிவிட்டு யாரும் லேசில் தப்பியதில்லை. குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டு அவள் ராஜ்ஜியம். டாக்டரானாலும் சரி, தரை துடைப்பவரானாலும் சரி, அவள் குரல் கேட்டால் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். குளச்சலுக்குத் தெற்கே கடலை ஒட்டின தெருவில் பிறந்தவள் அவள். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அப்படிப்பட்டவளையே ஒரு நாள் அவள் மகள் மடக்கிவிட்டாள்.

மகள் அஜிஷாவுக்குப் பதினைந்து வயது. பிறக்கும்போதே முதுகுத்தண்டில் ஒரு குறை. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது, சக்கர நாற்காலிதான். குவைத்தில் அவர்கள் குடியிருந்த அப்பாசியாவில் இந்தியப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்தாள். படிப்பில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. 2007ஆம் வருட லீவுக்கு ஊருக்கு டிக்கெட் போடும் பேச்சு வந்தபோது அவள் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"ஊருக்கு நான் வரல்ல. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வாங்க வாங்கன்னு ததேயு சித்தப்பா வருசா வருசம் கூப்பிடுறாருல்ல, அங்க போவோம். ஆனா ஒரு கண்டிஷன். என்னைய யாரும் தூக்கக் கூடாது. நோ லிஃப்டிங்."

அவள் அப்பா மரியராஜ் சிரித்தார். ஜெனரேட்டர் கம்பெனியில் டெக்னீஷியன், சாதுவான மனிதர். "சரி மக்கா, அப்பா மட்டும் தூக்குறேன்."

"நீங்களுந்தாம்ப்பா."

மனுசன் முகம் செத்துப்போயிற்று. அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். கட்டிடத்து லிஃப்ட் தனக்கு மனசு வந்தால் ஓடும், இல்லையென்றால் நிற்கும். நிற்கிற நாளெல்லாம் மகளை முதுகில் சுமந்து ஏறுவார், மகளைக் கட்டிலில் விட்டுவிட்டு நாற்காலியை எடுத்துவர இன்னொரு தரம் இறங்குவார். ஒரு நாளும் அலுப்பு என்று சொன்னதில்லை. அது அவருக்கு வேலையில்லை, செல்லம். அதையும் வேண்டாம் என்றால் எப்படி இருக்கும்?

ரெபேக்காளுக்கு மட்டும் சட்டென்று விளங்கியது. போன லீவில் ஊர்க் கோயில் படிக்கட்டு. காரிலிருந்து பிள்ளையை இறக்க மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் என்று நாலு பேர் ஓடி வந்தார்கள். எல்லாம் அன்புதான், யாரைக் குறை சொல்ல? ஆனால் எவன் கையோ எங்கேயோ பட்டது. தாவணி நழுவியது. பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டில் ஒரு கிழவருக்கு ஊசி போடுவதென்றாலும் சுற்றித் திரை இழுத்துவிடுகிறவள், சொந்த மகளை ஊர் நடுவில் அப்படி விட்டுவிட்டோமே என்று ரெபேக்காளுக்கு நெஞ்சு எரிந்தது.

"சரி. ஒருத்தரும் தூக்க மாட்டாங்க. அம்மா பாத்துக்கிடுதேன்" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

முதல் சண்டை கொழுந்தனோடு. ததேயு அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான், சொந்த வீடு வாங்கியிருந்தான். அண்ணன் குடும்பம் ஹோட்டலில் தங்கப் போகிறது என்று கேட்டதும் ஃபோனிலேயே கொதித்தான்.

"என்ன மைனி இது? வீடு இருக்கும்போ ஹோட்டலா? ஊருல கேட்டா காறித் துப்ப மாட்டாவளா?"

"உனக்க வாசல்ல எத்தன படி?"

"மூணே மூணு. நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சா ஒரு நிமிசம்."

"அந்த ஒரு நிமிசந்தான் வேண்டாங்கேன். குளிக்கிற ரூம் எங்க?"

"அது... மாடியில."

"அப்ப ஹோட்டல்தான்."

அவன் பட்டென்று ஃபோனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு பல நாள் அந்தப் பக்கமிருந்து பேச்சு மூச்சு இல்லை. தம்பி மனசை நோகடித்துவிட்டோமே என்று மரியராஜ் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தார். ரெபேக்காள் அசரவில்லை. கோபித்துக்கொண்டவர்கள் பிறகு கூடிக்கொள்ளலாம், பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு அப்படியா?

அடுத்து ஹோட்டல். குவைத்தில் டூட்டி முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் லாஸ் ஏஞ்சல்ஸில் காலை. இன்டர்நெட் ஃபோன் கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வாள். ஹோட்டல்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டு: எங்களிடம் எல்லா வசதியும் இருக்கிறது, மேடம். அந்தப் பாட்டுக்கு அவள் மயங்குவாளா? "பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்? கட்டில் எவ்வளவு உயரம்? குளிக்கிற இடத்தில் ஏறி இறங்க விளிம்பு இருக்கிறதா? நாற்காலியோடு உள்ளே போக முடியுமா?" என்று தன் வார்டு இங்கிலீஷில் அடுக்குவாள். தெரியாது என்றால், "போய் டேப் வைத்து அளந்து வாருங்கள், நான் காத்திருக்கிறேன்" என்பாள். கார்டில் காசு ஓடும், அவள் காத்திருப்பாள். அப்படி ஒரு பையன் நிஜமாகவே டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடி அளந்து வந்து சொன்னான். அந்த ஹோட்டலையே பிடித்துவிட்டாள்.

அந்த ஊர் பஸ்ஸில் நாற்காலி உருண்டு ஏறச் சாய்பலகை உண்டா என்று விசாரித்தாள், உண்டு என்றார்கள். கடற்கரையில் மணலில் புதையாத பெரிய சக்கர நாற்காலி இரவல் கிடைக்குமா என்று கேட்டாள், அதுவும் கிடைக்கும் என்றார்கள். சாயங்காலங்களில் அஜிஷா கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு வழுவழுப்பான பலகையைப் போட்டு, கையை ஊன்றித் தானே நகர்ந்து பழகினாள். முதல் வாரம் வியர்த்து ஊற்றியது. மரியராஜ் பார்க்க மாட்டாமல் பால்கனிக்குப் போய்விடுவார்.

எல்லாம் கச்சிதம் என்று இருக்கையில்தான் அந்தக் கூத்து வெளியே வந்தது. டிக்கெட் போட்டது அப்பாசியாவில் டிராவல்ஸ் வைத்திருந்த கீழக்கரை செய்கு முகம்மது. விமானத்துக்குள் ஸீட்டுகளுக்கு நடுவே போகக் குறுகலான நாற்காலி வேண்டுமே என்று ஏர்லைன்ஸுக்கு ரெபேக்காள் ஃபோன் பண்ணினாள். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இந்தப் பயணி விமானப் படிகளில் தானே ஏறி இறங்குவார் என்று போட்டிருக்கிறதே, மேடம்" என்றாள்.

ரெபேக்காளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏணி வைத்து ஏறுகிற விமானமாக இருந்தால்? கடைசி நேரத்தில் நாலு லோடர் பையன்கள் வந்து பிள்ளையைக் கைகாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டிராவல்ஸுக்குள் நுழைந்தாள்.

"செய்கு பாய், எனக்க மக என்னைக்குய்யா படி ஏறினா?"

அவர் விழித்தார். விஷயம் விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "சிஸ்டர், குத்தம் என்னோடதுதான். ஆனா நீங்களே சொல்லுங்க, இந்தக் கடையில வீல்சேர் கேக்குறவங்கள்ல யாரு நடக்க மாட்டாங்க? எல்லாரும் நல்லா நடக்குறவங்கதான். வீல்சேர்னு சொன்னதும் கை தன்னால வழக்கமானதப் போட்டுருச்சு."

அது பொய்யில்லை. ஊரிலிருந்து தனியாக வரும் அம்மா, மாமியார்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஏர்போர்ட்டில் எந்தப் பக்கம் போவது என்றும் தெரியாது. அதனால் கல்ஃபில் எல்லாரும் டிக்கெட்டோடு ஒரு வீல்சேரும் போட்டுவிடுவார்கள். ஆள் வந்து உட்காரவைத்து, இமிக்ரேஷன் வரிசையெல்லாம் தாண்டித் தள்ளிக்கொண்டு வந்து வெளியே விடுவான். மகனைக் கண்டதும் அம்மா துள்ளி எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடப்பாள். ரெபேக்காள் மட்டும் யோக்கியமா? தன் மாமியாருக்கு அவளே இப்படி இரண்டு தடவை போட்டிருக்கிறாள். இந்த முறையும் அதே வாய்ப்பழக்கத்தில், "பாய், ஒரு வீல்சேரும் போட்டிரும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். டேப் வைத்து அளக்கச் சொன்னவள், பக்கத்துத் தெரு ஆளிடம் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லவில்லை. அந்த எண்ணம் வந்ததும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி, ரெண்டு பேருக்க தப்புந்தான். இப்பவே மாத்தும். நான் இங்கயே இருக்கேன்."

அவர் அங்கேயே ஏர்லைன்ஸுக்குப் பேசி மாற்றினார். எழுதியதை அவளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டிய பிறகுதான் அவளை எழுப்ப முடிந்தது.

பயணத்தன்று விமான வாசலில் குறுகிய நாற்காலி தயாராக நின்றது. உதவிக்கு வந்த ஆள் பழக்கதோஷத்தில் குனிந்து கையை நீட்டினார். ரெபேக்காள் குறுக்கே போய் நின்றாள். "மாஃபி, தூக்கக் கூடாது. அவளே போவா." அஜிஷா பலகையைப் போட்டு, கையை ஊன்றி, மெல்ல நகர்ந்து அந்த நாற்காலிக்கும், உள்ளே போய் அதிலிருந்து ஸீட்டுக்கும் மாறி உட்கார்ந்தாள். பின்னால் ஒரு கூட்டமே நெளிந்துகொண்டு நின்றது. நிற்கட்டும் என்று அவள் பெல்ட்டை நிதானமாக மாட்டினாள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் வெயிலைப் பற்றி ஊரே புகழ்ந்தது. குவைத்தில் வெந்தவர்களுக்கு அது ஏசி போட்ட வெயில். பஸ் டிரைவர் ஒரு பொத்தானை அழுத்த, சாய்பலகை தெருவில் வந்து படிந்தது. அஜிஷா உருட்டிக்கொண்டு ஏறினாள். மரியராஜ் இரண்டு கையையும் நீட்டியபடி பின்னாலேயே வந்தார். பிடிக்க ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள்தான் அந்தக் கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளப் பழகினார். மகளோடு சேர்ந்து நடந்தார், கடை கடையாகப் பார்த்தார், அவள் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தார். சுமக்கிற ஆளுக்கு முதுகில் இருக்கிறவள் முகம் தெரியாதே. இப்போதுதான் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசுகிறேன் என்று மனைவியிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ததேயு ஹோட்டலுக்கு வந்து நின்றான். முகம் இன்னும் உம்மென்றுதான் இருந்தது. "சாப்பிடவாவது வருவீங்களா, அதுக்கும் ஹோட்டல்தானா?" என்றான். போய்ப் பார்த்தால் மூன்று படிக்கும் மேலே ஒட்டுப்பலகை அடித்து நீளமாகச் சரிவு போட்டிருந்தான். "செஞ்சேன்னு சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்" என்று வேறு பக்கம் பார்த்தான். ரெபேக்காள் கொழுந்தன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். சண்டை அத்தோடு தீர்ந்தது.

மீன்குழம்பு மணக்க எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ததேயுவின் மனைவி சகாயமேரி அஜிஷாவுக்குச் சோறு போட்டபடி கேட்டாள்: "குவைத் வீட்டுலயும் இப்பிடித்தான் பலகை போட்டிருக்காவளா மக்கா?"

"இல்ல சித்தி. அது தேர்ட் ஃப்ளோர். பாதி நாள் லிஃப்ட் ஓடாது. அப்பா தூக்கிட்டுப் போவாங்க" என்றாள் அஜிஷா. குறை சொல்லும் தொனியே இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோலச் சொல்லிவிட்டு மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

ரெபேக்காள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தாள். மேசையைச் சுற்றி யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். உலகத்தின் அந்தப் பக்கத்திலிருக்கும் கதவை அளக்கச் சொன்னவள், தன் வீட்டுப் படியை ஒரு நாள் அண்ணாந்து பார்த்தாளா? குடிவந்தபோது அஜிஷா கைக்குழந்தை. இடுப்பில் வைத்து ஏறினார்கள். பிள்ளை வளர்ந்தது, படி அப்படியே இருந்தது. பத்து நாளைக்கு ஓடி ஓடிச் செய்ததை வருசம் முழுக்கச் செய்ய வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. இவ்வளவு கெட்டிக்காரி என்று பெயர் வாங்கி என்ன பிரயோஜனம்? அழுகை முட்டியது. தண்ணீர் குடிப்பதுபோல டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

ஹோட்டலுக்குத் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கீழ்வீடு பாக்கணும். நாம குவைத்துக்குத் திரும்பும்போ சாவி கையில இருக்கணும்."

மரியராஜ் திகைத்தார். "இப்பவேயா? அப்பாசியால கீழ எல்லாம் கடைதான. ஸ்கூலு, கோயிலு எல்லாம் பக்கத்துல இருக்கு. நான் இருக்கேன்ல, தூக்க மாட்டேனா?"

"நீங்க தூக்குவீங்க. அதான் நான் இத்தன வருசம் கண்ண மூடிட்டு இருந்தேன். இனி இருக்க மாட்டேன். இங்க உள்ள பாத்ரூமுக்க அகலம் அங்க இருந்து கேட்டேன்ல? அங்க உள்ள வீட்ட இங்க இருந்து கேப்பேன். கூட வேலை செய்யிற பிள்ளைகளுக்குத் தெரியாத பில்டிங்கா?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அஜிஷா நாற்காலியைத் திருப்பினாள். "அம்மா, கீழ்வீடுன்னா நான் தனியா பக்காலாவுக்குப் போலாமா?"

பக்காலா என்றால் தெருமுனை மளிகைக்கடை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரு நாளைக்குப் பத்து தடவை போய் வருகிற இடம்.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு மக்கா, அப்பா வாங்கிட்டு வாறேன்" என்றார் மரியராஜ்.

"ஒண்ணும் வாங்க வேண்டாம்ப்பா. நானா போய்ட்டு நானா வரணும். அவ்வளவுதான்."

இங்கே இருட்டத் தொடங்கியிருந்தது, குவைத்தில் பொழுது விடிந்திருக்கும். மரியராஜ் எழுந்துபோய் ஃபோனை எடுத்து வந்து ரெபேக்காள் கையில் கொடுத்தார்.