மூன்றாவது ஜோடி

நியூஜெர்சியில் ஒரு பேராலயத்துக்குள் குட்டிக் கோயில் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் எழுநூறு வருடம் யாத்திரிகர்கள் முட்டி போட்ட இடமாம். கல் கல்லாகப் பெயர்த்து வந்திருக்கிறார்கள். நடக்க முடியாதவர்கள் வேண்டிக்கொள்வார்கள். நான் நுழைந்தது பனிக்குப் பயந்து.

வாசலில் ஒரு ஜோடி லேடீஸ் ஷூ, ஒரு ஜோடி ஜென்ட்ஸ் ஷூ. கழற்றிவிட்டுப் போனால் நம்மாட்கள்தான் என்று நானும் கழற்றினேன். உள்ளே பச்சை ஸ்வெட்டர் போட்ட ஆன்ட்டி மட்டும் முட்டி போட்டிருந்தார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இரண்டு ஜோடிக்கு ஒரே ஆள் என்றால், எண்ணியதில் தப்பு என்னுடையதாக இருக்கும் என்று நினைத்தேன்.

“அங்கிள் எங்க ஆன்ட்டி?”

“தவறிட்டார்பா. கால் சரியானா இங்க நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டார். கடைசிவரை வீல்சேர்தான். அதான் வாரா வாரம் அவர் ஷூவைக் கார்ல கூட்டிட்டு வரேன்.”

என் வாய் சும்மா இருக்குமா? “நடந்து வர்றேன்னு வேண்டிட்டு கார்லயா? சாமி ஒத்துக்குமா?”

ஆன்ட்டி சிரித்தார். “பார்க்கிங்லேர்ந்து அவரேதான் நடந்து வரார்.”

நானும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, அவசரத்தில் தப்பான ஷூவில் காலை விட்டேன். கல்தரை ஐஸாக இருந்தது. ஷூவுக்குள் மட்டும், யாரோ இப்போதுதான் கழற்றியதுபோல் சூடு.

என் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு சாக்ஸோடு பனியில் ஓடினேன். அங்கிளிடம் சாரி சொல்லாமல் வந்ததுதான் இன்றும் உறுத்துகிறது.