நடந்து செல்லும் தூரம்

சனிக்கிழமை காலை காபியைக் கையில் எடுத்தபோது மெஹருன்னிசா டீச்சரின் தம்பி போன் செய்தார். "அக்கா மவுத்தாயிட்டாங்க சார். அஸர் தொழுகைக்கு அப்புறம் பாலக்கரையில அடக்கம்." காபி ஆறிப்போனது. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவரோடு பணியாற்றிய ஆசிரியர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்ரீரங்கத்தில் அவர் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியர், நான் ஆண்கள் பள்ளிக்கு. இரண்டையும் எங்கள் வளாகத்தில் ஒன்றாக்கினால் ஆய்வகம் கட்ட அரசு நிதி தரும் என்றார்கள். எனக்கோ வாயெல்லாம் பல். இரண்டு பள்ளிக்கும் இடையே 'நடந்து செல்லும் தூரம்'தான் என்று அறிக்கை எழுதி, அவருடைய கையெழுத்துக்கு அனுப்பினேன்.

மறுநாள் அறிக்கையோடு அவரே வந்தார். கையெழுத்து இல்லை.

"நடந்து பார்த்தீங்களா சார்?"

"ஸ்கூட்டர்ல போனேன் டீச்சர்."

"அப்ப சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் விடுற நேரத்துக்கு ரெண்டு பேரும் நடப்போம். பை நான் கொண்டாரேன்."

அது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் புத்தகப் பை. என் தோளில் மாட்டிவிட்டார். மெயின் ரோட்டைக் கடக்க பஸ்கள் விடவில்லை. திருப்பத்தில் மதுக்கடை வாசலில் கூட்டம். டீச்சரையே பார்த்து ஒருவன் பாட்டெடுத்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாதிப் பிள்ளைங்களைப் பெத்தவங்க ஒன்பதாவதோட நிறுத்திடுவாங்க சார்" என்றார்.

அறிக்கையை மாற்றி எழுதினேன். பத்து வரை பெண்கள் இருக்கும் இடத்திலேயே; பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் இங்கே, அதுவும் பஸ் வசதியோடு. நிதி தள்ளிப்போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று எங்கள் ஆசிரியர்கள் என்னைக் குத்திக் காட்டினார்கள். டீச்சர் மட்டும் டிபன் பாக்ஸில் வட்டிலாப்பம் அனுப்பி, "மெதுவா வரட்டும் சார்" என்றார். அடுத்த ஆண்டு நிதி வந்தது. புது ஆய்வகத்தில் முதல் வரிசையில் நின்றவள் அந்தப் பைக்குச் சொந்தக்காரி. டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நிறைவாக வாழ்ந்து போனவர் அவர்.

டீச்சர், அந்தப் பழைய அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. 'நடந்து செல்லும் தூரம்' என்ற வரியை நீங்கள் அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் 'யாருக்கு?' என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். இப்போதும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஏதாவது மனுவில் கையெழுத்துக் கேட்டால், பேனாவைத் தேடுவதற்கு முன் செருப்பைத் தேடுகிறேன்.